நாலு சஹன் ஆராய்ச்சி

மருதமுனையில் பிறந்து கல்முனைக்குடிக்கு மாப்பிள்ளையாகிப் போன காலிதீனை ஊர் ‘கம்பியூட்டர் காலிதீன்’ என்றுதான் அழைத்தது. எண்பத்து நாலாம் ஆண்டில் அந்தக் கரையோரத்தில் கம்பியூட்டரைக் கண்ணால் கண்டவர்களே குறைவு. காலிதீனிடமும் ஒன்று இருக்கவில்லை. இல்லாத பொருளின் பெயரைச் சுமந்து திரிவது எங்கள் பக்கத்தில் புதிய விசயமும் இல்லை. அதே தெருச் சந்தியில் ‘லொறி மீராமுகைதீன்’ என்று ஒருவர் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். அவர் ஆயுளில் ஒரு லொறிக்கும் சொந்தக்காரராக இருந்ததில்லை.

காலிதீனின் வாப்பா தறிக்காரர். மகனையும் தறியில் உட்கார வைத்துப் பார்த்தார். நூல் எங்கே அறுந்தது, ஏன் அறுந்தது என்று கண்டுபிடிப்பதில் மகன் காட்டிய ஆர்வத்தில் கால்வாசியைக்கூட நெய்வதில் காட்டவில்லை. சாரன் ஒன்று நெய்து முடிய மாதக்கணக்கானது. “நீ படிக்கப் போ” என்று வாப்பா சொன்னது ஆசையினால் இல்லை, நூல் நட்டத்தினால்தான். காலிதீன் படித்தார். கணிதத்தில் பட்டம் எடுத்து, கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளரானார். அங்கேதான் கம்பியூட்டரைக் கண்டார். குளிரூட்டிய அறையில் அலுமாரி அலுமாரியாக நின்ற அதற்குள்ளும் எங்கேயோ நூல் அறுகிறது என்று தெரிந்ததும் அவருக்கு அதன்மேல் பிரியம் வந்துவிட்டது.

நியமனக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்த வருட முடிவுக்குள் முதுமாணிப் பட்டத்துக்கான ஆராய்ச்சியை ஒப்படைத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வேலை இல்லை. இல்லாத பட்சத்துக்கும் வழி ஒன்று ஆயத்தமாகவே இருந்தது. மனைவி ஸுல்பிகாவின் காக்கா, அதாவது மூத்த சகோதரன் ஜவுபர், சவூதியில் தம்மாமில் ஒரு களஞ்சியத்தில் வேலை பார்த்தார். “விசா ஒண்டு இரிக்கி மச்சான், ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க” என்று மாதம் ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தார். காலிதீனுக்குப் போக விருப்பமில்லை. ஸுல்பிகாவுக்கு மூன்று மாதம். பிறக்கப் போகும் பிள்ளையைப் படத்தில் பார்க்கும் வாப்பாவாக இருக்க அவர் விரும்பவில்லை. அதை யாரிடமும் மறைக்கவுமில்லை.

ஆராய்ச்சி என்னவென்றால் இதுதான். கம்பியூட்டருக்கான புறோகிராமை எழுதுகிறவர்கள் வரிகளுக்கு நடுவே ‘இந்த இடத்தில் இன்னது நடக்கிறது’ என்று மனிதர் வாசிப்பதற்காகக் குறிப்புகள் எழுதுவதுண்டு. கம்பியூட்டர் அதைக் கணக்கில் எடுக்காது. எழுதுவதற்குச் சோம்பல்; எழுதினால் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், எழுதமாட்டார்கள். அந்தக் குறிப்புகள் உண்மையிலேயே உதவுகின்றனவா? பிழை கண்டுபிடிப்பதைச் சுலபமாக்குகின்றனவா? சும்மா சொன்னால் போதாது, மனிதர்களை வைத்துச் சோதித்துக் காட்ட வேண்டும் என்றார் மேற்பார்வையாளர் நல்லரெத்தினம். எங்கள் பக்கத்துப் பாண்டிருப்புக்காரர், கொழும்பில் பேராசிரியர், நிதானமான மனிசன். அதற்கான முறையைப் படிக்கச் சொல்லி ஒரு கட்டு போட்டோ பிரதியைக் கையில் கொடுத்தார்.

அந்தக் கட்டை காலிதீன் கல்முனை பஸ்ஸிலேயே வாசித்து முடித்தார். கருதுகோள், சாரும் மாறி, சாரா மாறி, கட்டுப்பாட்டுக் குழு, எழுமாற்றுத் தெரிவு. பஸ்ஸால் இறங்கும்போது ஆள் மாறியிருந்தார். அதன்பிறகு அவரோடு சாதாரணமாக ஒரு விசயம் கதைக்க ஏலாமல் போனது. பெரியநீலாவணை மீன்தான் ருசி என்று யாராவது சொன்னால், எந்த மீனோடு ஒப்பிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு தின்று பார்த்தீர்களா என்று கேட்டார். லொறி மீராமுகைதீன் தன் கடையில் ஒட்டிய பஞ்சர் மறுபடி கழலாது என்று பெருமை பேசியபோது, ஒட்டுக் கழன்றவர்கள் வேறு கடைக்குப் போயிருக்கலாம் அல்லவா என்றார். மீராமுகைதீன் ஒரு கிழமை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இந்தத் தொல்லையை அதிகம் அனுபவித்தவர் மாமி சல்மா உம்மா. வீடு அவருடையது, மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்திருந்தாலும் அடுப்பின் ஆட்சி அவரிடம்தான் இருந்தது. அந்த வீட்டுக்கு வந்த ஒருவர் வெறும் வயிற்றோடு வாசல் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை. கடன் கேட்டு வந்தவனுக்கும் சோறு கொடுத்துத்தான் கடன் இல்லை என்று சொல்வார். ஒரு நாள் மருமகனுக்குத் தடிமன். மாமி கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தார்.

“இதைக் குடிங்க மகன். குடிச்ச எல்லாருக்கும் மாறியிரிக்கி.”

“குடிச்சவங்களுக்கு மாறினது சரி மாமி. குடிக்காதவங்களுக்கு எத்தின நாளையில மாறிச்சி? அதையும் பாத்தாத்தான் கொத்தமல்லியால மாறினதா எண்டு தெரியும்.”

“குடிக்காதவன் ஆரு மகன் இரிக்கான்? தடிமன் புடிச்ச புள்ளைக்கு ஒண்டும் குடுக்காம, சும்மா பாத்துக்கிட்டு இரிக்கிற உம்மா எங்க இரிக்கா?”

காலிதீன் சிரித்துவிட்டுக் குடித்தார். சிரிக்காமல் அந்தப் பதிலைக் கொஞ்சம் யோசித்திருந்தால் அவருடைய வாழ்க்கை வேறு பக்கம் போயிருக்கும்.

சோதனைக்கு ஆட்கள் வேண்டும். கொழும்பில் புறோகிராம் தெரிந்தவர்களுக்கு நேரம் இல்லை. ஊரில் ஏ.எல். பரீட்சையில் கணிதம் எழுதிவிட்டு முடிவு வரும்வரை வெயில் காய்ந்த பையன்களுக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. காலிதீன் ஒரு பாடசாலையில் இலவச வகுப்புத் தொடங்கினார். கம்பியூட்டர் இல்லாத கம்பியூட்டர் வகுப்பு. பையன்கள் புறோகிராமைக் கடதாசியில் எழுதினார்கள். கம்பியூட்டர் செய்ய வேண்டியதைத் தாங்களே விரல்விட்டுச் செய்து பார்த்தார்கள். மருதமுனை, சாய்ந்தமருது, பாண்டிருப்பு, காரைதீவு என்று எல்லா ஊரிலிருந்தும் சைக்கிளில் வந்தார்கள். கெட்டிக்காரர்கள்.

“எத்தின பேரு வருவாங்க?” என்று மாமி கேட்டார். சோதனை நடக்கப்போவது அவருடைய வீட்டில்.

“இருவத்து நாலு.”

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் எண்டுவாங்க. உங்களுக்கு என்னத்துக்கு மகன் இத்தின பேரு?”

“சோறு எல்லாம் ஒரே பானையில வேகுது மாமி. மனிசர் அப்புடி இல்ல.”

மாமி விரலில் கணக்குப் பார்த்தார். “நாலு சஹன்” என்றார். எங்கள் பக்கத்து விருந்தில் ஆறு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுத் தின்பார்கள். அந்தத் தட்டுத்தான் சஹன். காலிதீன் அதைக் காதில் வாங்கவில்லை.

ஆயத்தங்களில் அவர் எந்தக் குறையும் வைக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் பையன்களை இரண்டாகப் பிரித்தார். நெல்லுக் களஞ்சியத்தின் இருப்பைக் கணக்கிடும் ஒரு புறோகிராமில் வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தி, கொழும்பில் அச்சடித்துக் கொண்டுவந்தார். வீட்டு முன் மண்டபத்தில் இருக்கும் பாதிப் பேருக்குக் குறிப்புகள் உள்ள பிரதி; உள் அறையில் இருக்கும் பாதிப் பேருக்குக் குறிப்புகள் இல்லாத வெறும் பிரதி. எந்தப் பக்கத்துக்கு எது என்று யாருக்கும் சொல்லவில்லை, மாமிக்கும் சொல்லவில்லை. உதவி செய்கிறவருக்கும் அது தெரியக்கூடாது என்று அந்தப் பிரதிக் கட்டில் எழுதியிருந்தது. ஆராய்ச்சியாளரின் முகமே ஆட்களைப் பாதிக்கும், ஆகவே அவர் விலகி நிற்பது உத்தமம் என்றும் எழுதியிருந்தது.

“ரெண்டு பக்கத்துக்கும் எல்லாம் ஒண்டா இரிக்கணும் மாமி. ஒரே தேத்தண்ணி, ஒரே சீனி, ஒரே நேரம். ஒருத்தருக்குக் கூடவும் வேணாம், குறையவும் வேணாம். ஒண்டு வித்தியாசமாப் போனாலும் என்ட ஆராய்ச்சி பாழ்.”

“அதை எனக்குச் சொல்லித் தரணுமா மகன்? மூணு புள்ள வளத்தவ நான்” என்றார் சல்மா உம்மா.

பையன்களிடம், கதைக்காமல் பிழையைக் கண்டுபிடித்து, முடித்த நேரத்தைச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எழுதச் சொன்னார். ஸுல்பிகா அன்று கிளினிக்குக்குப் போயிருந்தார். காலிதீன் உத்தமமாக விலகிப் போய், லொறி மீராமுகைதீனின் கடையில் உட்கார்ந்து, பின்னேரம்வரை பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடைத்தாள்களைத் திருத்தி, இரண்டு பக்கத்துக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒன்று. சொல்லப்போனால் வெறும் பிரதி பார்த்தவர்கள் ஒரு மயிரிழை முன்னே. திரும்பத் திரும்பத் திருத்தினார். பதில் மாறவில்லை. குறிப்புகளால் ஒரு பயனும் இல்லை! தாள்களில் அங்குமிங்கும் மஞ்சள் கறை இருந்தது. தேநீர் சிந்தியிருக்கும் என்று எழுதிவைத்தார்.

கொழும்பில் நல்லரெத்தினம் தாள்களைப் புரட்டினார். நெய்ச்சோற்று வாசம் வந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. ஊர் நினைவாக்கும் என்று நினைத்திருக்கலாம். கணக்கைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“காலிதீன், உலகமே ஒண்டு சொல்லுது, நீங்க அதுக்கு எதிராக் கண்டுபுடிச்சிருக்கீங்க. இதுக்குப் பட்டம் கிடைக்கும் எண்டு மட்டும் இல்ல, வெளிநாட்டுச் சஞ்சிகையிலயும் போடுவாங்க. எழுதி முடிச்சிக் கொண்டு வாங்க.”

காலிதீன் ஊருக்கு வந்த பஸ்ஸில் ஆசனம் கிடைக்கவில்லை. பாதிவழியில் இருக்கும் மஹியங்கனைவரை நின்றுகொண்டே வந்தார், கால் நோகவில்லை. ஜவுபருக்கு ‘வரவில்லை’ என்று எப்படி நோகாமல் சொல்வது என்று மட்டும் யோசித்தார். வீட்டுக்கு வந்து, சோறு போட்ட மாமியிடம் வாயாரச் சொன்னார்.

“எல்லாம் உங்களாலதான் மாமி. ரெண்டு பக்கத்துக்கும் ஒண்டாச் செஞ்சீங்களே, அதாலதான் இது சரி வந்திச்சி.”

சல்மா உம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

“அதுல ஒரு சின்னப் பிழை இருந்திச்சி மகன். நீங்க பாக்கல்ல போல. நான் சரிப்பண்ணிட்டன்.”

காலிதீனின் கை சோற்றிலேயே நின்றது.

“என்ன பிழை?”

“பகல் நேரத்தில ஊர்ப் புள்ளயளுக்கு பிஸ்கட்டும் பிளேன்டீயும் குடுக்க எனக்கு மனசு வரல்ல. பாண்டிருப்புப் புள்ளயளும் இரிக்காங்க, மாடு திண்ணமாட்டாங்க எண்டு கோழிதான் போட்டன். நாலு சஹன் வெச்சி, உள்ள மூணு பேரு வெளிய மூணு பேரு எண்டு கலந்து இருத்தினன். காத்துக்குப் பறக்கும் எண்டு கடதாசியையும் கையோட கொண்டுவந்தாங்க. பாத்தா, வெளிய இரிந்தவங்கட கடதாசியில நிறைய எழுத்து, உள்ள இரிந்தவங்களுக்கு ஒண்டும் இல்ல. என்ன மனே இது எண்டு கேட்டன். அவங்களுக்கு விளக்கம் போட்டிரிக்கி, எங்களுக்கு இல்ல எண்டான் ஒருத்தன். அழுவான் போல இரிந்தான். ஒரே சஹன்ல ஒருத்தனுக்கு இறைச்சி, மத்தவனுக்கு வெறுஞ்சோறா? கடதாசியை நடுவில வைங்க, எல்லாரும் பாருங்க எண்டன். பாத்தாங்க. பெரியவ சொன்னா மறுப்பாங்களா? நீங்கதானே சொன்னீங்க, எல்லாம் ஒண்டா இரிக்கணும், ஒண்டு வித்தியாசமாப் போனாலும் பாழ் எண்டு. அந்த ஒண்டைத்தான் நான் சரிப்பண்ணினன்.”

பையன்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால், அதுவும் ஆராய்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். இலவச வகுப்பு நடத்துகிற சேர் நெய்ச்சோறும் போடுவார் என்று நம்புவதற்கு அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை.

காலிதீன் சோற்றை முழுவதும் தின்றார். மிச்சம் வைத்தால் மாமி காரணம் கேட்பார். பிறகு எழும்பிப் போய் மீராமுகைதீனின் கடையில் உட்கார்ந்தார். சந்தோசம் போன வேகத்தில் பயம் வந்தது. வருட முடிவுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. இந்தப் பையன்கள் புறோகிராமைப் பார்த்துவிட்டார்கள். இனிப் புதிதாக ஆட்களைப் பிடித்து, புதிதாகக் கற்றுக்கொடுத்து, புதிதாக நடத்த மூன்று நாலு மாதமாவது வேண்டும். பேசாமல் இருந்தால் பட்டம், வேலை, பிள்ளை, வீடு எல்லாம் உண்டு. பேசினால் தம்மாம்.

மறுபடி கொழும்புக்குப் போய் நல்லரெத்தினத்திடம் நடந்ததைச் சொன்னார். நல்லரெத்தினம் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினார்.

“இது வேற ஆருக்குத் தெரியும்?”

“எங்கட மாமிக்கு.”

“அவங்களுக்கு இங்கிலிஷ் தெரியுமா?”

“இல்ல சேர்.”

“ம்.” நல்லரெத்தினம் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். “நீங்களே முடிவெடுங்க காலிதீன். நீங்க என்ன சொன்னாலும் நான் கையெழுத்து வைப்பன். எனக்கும் பிள்ளைகள் இருக்கு.”

காலிதீன் தியாகி இல்லை. வேலை அவருக்கு வேண்டும். அன்று அந்த அறையில் அதை மிகவும் விரும்பினார். ஆனால் அறுந்த நூலை மறைத்து நெய்த துணியை வாப்பா ஒருபோதும் சந்தைக்கு அனுப்பியதில்லை. இதை அச்சில் போட்டால் எங்கேயோ ஒரு நாட்டில் ஒருவன் நம்பி, குறிப்பு எழுதாமல் விடுவான். அவனுக்குப் பின்னால் வருகிறவன் அந்தப் புறோகிராமோடு கிடந்து மாரடிப்பான். எல்லாம் சல்மா உம்மாவின் கோழிக் கறியால். அதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

“ஒப்படைக்கல்ல சேர்” என்றார்.

வீட்டில் ஸுல்பிகாவிடம் மட்டும் சொன்னார். ஸுல்பிகா மகளிர் பாடசாலையில் கணித ஆசிரியை, விளக்கத் தேவையில்லை. கொஞ்சம் அழுதார், பிறகு சிரித்தார், பிறகு மறுபடியும் அழுதார். குசினிக்குள் அடுப்படியில் நின்ற மாமிக்கும் கேட்டுவிட்டது. மூன்றாம் நாள் கதவுக்குப் பின்னால் நின்றபடி கேட்டார்.

“நான் குடுத்தது பிழையா மகன்?”

“குடுத்தது பிழை இல்ல மாமி. வெறுங்கடதாசி குடுத்ததை உங்களுக்கிட்ட மறைச்சனே, அதுதான் பிழை.”

தை பிறந்ததும் காலிதீன் தம்மாம் போனார். களஞ்சியத்தில் பெட்டி எண்ணும் வேலை. மகள் பிறந்த செய்தி தந்தியில் வந்தது. படம் பிறகு வந்தது. நினைத்துப் பயந்தது அப்படியே நடந்தது.

ஆனால் ஸுல்பிகா சும்மா இருக்கவில்லை. பிள்ளை பால்குடி மறக்குமுன்னே கணவனின் குறிப்புகளை எடுத்து, பாடசாலையில் கணிதம் படித்த பெண்பிள்ளைகளுக்கு அதே கம்பியூட்டர் இல்லாத கம்பியூட்டர் வகுப்பை நடத்தினார். நல்லரெத்தினம் ஒரு புதிய புறோகிராமை அச்சடித்து அனுப்பினார். சோதனை அதே வீட்டில், அதே மண்டபத்தில், அதே அறையில் நடந்தது. இந்தத் தடவை ஆராய்ச்சியாளர் கடலுக்கு அப்பால் இருந்தார். அதைவிட உத்தமமாக விலகி நிற்க எவராலும் ஏலாது.

ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் ஸுல்பிகா ஒரு கசெட் கொடுத்தனுப்பினார். அந்தக் காலத்தில் சவூதியில் இருந்தவர்களுக்குக் குடும்பம் கசெட்டில்தான் கதைக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, காலிதீன் ஜவுபரின் றெக்கோடரில் அதைப் போட்டார். முதல் பக்கம் முழுவதும் ஸுல்பிகா, வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் முடிவுகளை வாசித்தார். குறிப்புகள் இருந்த பக்கம் தெளிவாகவே முந்தியிருந்தது. அதாவது, உலகம் எல்லாம் ஏற்கெனவே சொன்னதுதான் சரி. காலிதீன் தலையாட்டினார். எந்தச் சஞ்சிகையும் போடாத அந்த முடிவுக்கு அவருக்கு மறு வருடம் பட்டம் கிடைத்தது. கொழும்பு வேலையில் அதற்கு எவ்வளவோ முன்பே வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். அதை நல்லரெத்தினம் அவருக்கு எழுதியிருந்தார். காலிதீன் அதை வீட்டுக்கு எழுதவில்லை.

மற்றப் பக்கத்தில் மாமி இருந்தார்.

“மகன், அஸ்ஸலாமு அலைக்கும். நான் மாமி கதைக்கிறன். இதுக்குக் கிட்ட நிண்டு மெதுவாக் கதைக்கணுமாம்.” றெக்கோடரைக் கிட்ட இழுக்கும் சத்தம் கேட்டது. “புள்ளயள் வந்தாங்க. ஸுல்பிகா எல்லாத்தையும் முதலே சொல்லித் தந்துட்டா, ஆருக்கு என்ன கடதாசி எண்டு. நான் பாத்தன். ஒருத்திக்கு விளக்கம், ஒருத்திக்கு வெறுங்கடதாசி. பாத்துக்கிட்டு இரிந்தன். தேத்தண்ணி கூடக் குடுக்கல்ல. சபூறா எண்டு ஒரு புள்ள, முகம் வாடிப் போய், என்னயப் பாத்திச்சி. நான் குசினிக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டன். என்ட வீட்டுக்கு வந்த புள்ள பசியோட இரிந்தது இதுதான் முதல் தரம். அதுகளுக்குக் குடுக்காம நான் எப்புடித் திண்ணுற? நானும் திண்ணல்ல. கடதாசியெல்லாம் ஸுல்பிகா வாங்கி அலுமாரிக்குள்ள வெச்சிப் பூட்டின பொறகுதான் அடுப்பை மூட்டினன்.”

பின்னால் பிள்ளை சிணுங்கியது. யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள்.

“இந்த முறை நான் ஒண்டும் பிழையாச் செய்யல்ல மகன். எல்லாம் நீங்க சொன்ன மாதிரித்தான். இப்ப சரிதானே? இனி நீங்க வரலாம்தானே?”

அதற்குமேல் நாடாவில் ஒன்றும் இல்லை. ஓடி முடிந்து பொத்தான் தானாக எழும்பியது. காலிதீன் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். ஜவுபர் பார்க்காததுபோல் வெளியே போனார். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. அசர் தொழுதுவிட்டு வந்து, வெற்றுக் கசெட் ஒன்றைப் போட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தி, “ஓம் மாமி, சரி. வாறன்” என்று மட்டும் கதைத்து அனுப்பினார்.